எண்ணித் தைத்த பூ: குறுக்குத் தையலும் தோடர் பூத்தையலும்

காஞ்சிபுரத்திலிருந்து, ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத்துக்குப் போகும் சாலையில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்ற நெசவூர்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்துப் பட்டுச் சேலையின் கரையில் வரும் மயிலும் மாங்காயும் முதலில் தறியில் பிறப்பதில்லை. கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கின்றன. வடிவமைப்பாளர் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புகிறார் அல்லது வெறுமையாக விடுகிறார். பாவும் ஊடும் சந்திக்கும் இடங்களுக்கு அந்தக் கட்டங்களே கணக்கு. அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளையிட்ட அட்டையைப் பார்த்துத் தறி நூலைத் தூக்கும்.

பள்ளிக்கூடக் கைவேலை வகுப்பில் குறுக்குத் தையல் போட்டவர்களுக்கு இந்தத் தாள் புதிதல்ல. அதே கட்டங்கள், அதே மயில்; கருவி மட்டும் வேறு. இரண்டிலும் ஓர் உருவம் எண்களாக உடைக்கப்பட்டு, பிறகு நூலால் மறுபடி உருவமாகிறது. நூல் இழைகளை எண்ணிச் செய்யும் எல்லா வேலைக்கும் ஒரு பொதுக் கேள்வி உண்டு: அந்த எண்ணிக்கை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? ஐரோப்பா அதைத் தாளில் வைத்தது. காஞ்சிபுரம் முதலில் கயிற்றிலும் பிறகு அட்டையிலும் வைத்தது. தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் வாழும் தோடர் பெண்கள் தாளும் அட்டையும் இல்லாமல் கையிலும் கண்ணிலும் வைத்திருக்கிறார்கள். வைத்த இடத்தைப் பொறுத்தே அந்தந்த வேலையின் வரலாறும் அதைச் செய்தவர்களின் வரும்படியும் அமைந்தன.

எண்ணித் தைப்பது

துணியில் பூவேலை செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உருவத்தைத் துணியில் வரைந்துகொண்டு கோட்டின் மேல் தைப்பது. இன்று ரவிக்கைகளில் போடப்படும் ஆரி வேலை இந்த வகை. கோடு இருப்பதால் தையல் சற்று நீண்டாலும் குறுகினாலும் உருவம் கெடாது. மற்றொன்று, துணியில் எதையும் வரையாமல் நெசவின் இழைகளையே எண்ணித் தைப்பது. இங்கே துணிதான் வரைபடத் தாள். இத்தனை இழை தள்ளி ஊசியை இறக்கு, இத்தனை இழை தள்ளி ஏற்று என்பதே வேலையின் முழு இலக்கணம்.

குறுக்குத் தையல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பெருக்கல் குறி போல ஒரு சாய்கோடு, அதன் மேல் எதிர்ச் சாய்கோடு. மேலே வரும் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் படும்போது துணி திட்டுத்திட்டாகத் தெரியும். கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். முடிப்பதுதான் பெரிய வேலை. நம் பள்ளிகளில் 'மேட்டி துணி' என்று வாங்கிவரச் சொல்வார்களே, அதுபோலக் கட்டம் கட்டமாக நெய்த துணிகளில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டங்கள் உள்ள ரகம் உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. அதில் 10 அங்குலச் சதுரம் ஒன்றை முழுமையாக நிரப்ப 140 முறை 140, அதாவது 19,600 தையல்கள் வேண்டும். ஒரு தையலுக்கு ஊசி நான்கு முறை துணியைக் கடக்கும். மொத்தம் 78,400 முறை. மணிக்கு 100 தையல் என்று வைத்தால் 196 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 98 நாட்கள். பாதியில் நின்றுபோன ராதாகிருஷ்ணர் படம் ஒன்று பல வீட்டு அலமாரிகளில் மடித்துக் கிடப்பதற்கு இந்தப் பெருக்கல் கணக்கைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எண்ணித் தைப்பதில் வேலை முன்னேறும் விதமும் தனி. வரைந்து தைப்பவர் பூவை முதலில் முடித்துவிட்டு இலைக்குப் பிறகு வரலாம். எண்ணித் தைப்பவர் ஓர் இழை தவறினால் அதற்குப் பின் வரும் ஒவ்வொன்றும் ஓர் இழை தவறியே உட்காரும். தவறு தெரிவதோ அங்கேயே அல்ல. நாற்பது வரிசை கடந்து இரண்டு பக்கமும் ஒன்று சேர வேண்டிய இடத்தில்தான் தெரியும். பிரிக்க வேண்டும். அதனால்தான் தேர்ந்தவர்கள் தொடங்குமுன் பத்துப் பத்துக் கட்டத்துக்கு ஒரு நூலோட்டம் போட்டுத் துணியைப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நூறு கட்டமும் ஒரு சிறிய கணக்குத் தணிக்கை. வேகத்தை விட இந்தத் தணிக்கைதான் வேலையைக் கரை சேர்க்கிறது.

தாளில் ஏறிய எண்ணிக்கை

ஐரோப்பாவில் கைவேலை மாதிரிகள் முதலில் துணியிலேயே சேமிக்கப்பட்டன. புதிதாகக் கண்ட ஒரு கோலத்தைப் பெண்கள் ஒரு நீளத் துணியின் மூலையில் தைத்து வைத்துக்கொள்வார்கள். அதுவே அவர்களது குறிப்பேடு. ஆண்டு பொறிக்கப்பட்ட ஆங்கில மாதிரித் துணிகளில் மிகப் பழையது ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்தது. அதில் 1598 என்ற ஆண்டு இருக்கிறது. இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதற்கு முன்பே, 1520களில், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கைவேலை மாதிரிகள் அச்சுப் புத்தகமாக வந்துவிட்டன. அச்சுக் கலை வந்து நூறாண்டு ஆவதற்குள் தையலும் அச்சேறியது.

பெரிய மாற்றம் பெர்லினில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகர அச்சகத்தார் கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டிய மாதிரிகளை விற்கத் தொடங்கினார்கள். 1810 வாக்கில் விட்டிச் என்ற அச்சகத்தார் அதைப் பெரிய வணிகமாக்கினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் கையாலேயே நிறம் பூசினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 14,000 மாதிரிகள் வெளியாயின என்று அக்காலக் கைவேலை நூல் ஒன்று சொல்கிறது. வரையத் தெரிய வேண்டாம், பாட்டியிடம் கற்க வேண்டாம், கட்டத்தைப் பார்த்துப் போட்டால் போதும் என்ற நிலை வந்தது. கலை பரவியது; கூடவே எல்லார் வீட்டுத் திண்டிலும் ஒரே ரோஜா பூத்தது. 1886இல் தெரேஸ் த தில்மோன் வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியமும், டி.எம்.சி. நிறுவனத்தின் எண்ணிட்ட நூல் வண்ணங்களும் இந்த முறையை உலகப் பொதுவாக்கின. நிறத்துக்கும் எண் வந்துவிட்டது.

இந்தத் தாள் வழி எல்லா நாட்டிலும் உள்ளூர் வழியை அழித்துவிடவில்லை. பாலஸ்தீனப் பெண்களின் 'தத்ரீஸ்' முக்கியமாகக் குறுக்குத் தையல்தான். சட்டையின் மார்புப் பகுதியைப் பார்த்தே அணிந்தவர் எந்த ஊர் என்று சொல்லிவிடும் அளவுக்கு அங்கே கோலங்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. 1948இல் ஊர்களை இழந்து முகாம்களுக்குப் போனவர்களிடம் ஊரின் அடையாளமாக எஞ்சியதில் அந்தத் தையலும் ஒன்று. 2021இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நமக்கு அருகே கர்நாடகத்தின் தார்வாடு பகுதியில் 'கசூதி' இருக்கிறது. அதிலும் துணியில் வரைவதில்லை, முடிச்சும் போடுவதில்லை. அதன் நான்கு தையல்களில் 'மெந்தி' என்பது குறுக்குத் தையலேதான். வெந்தயத்தின் பெயர் அது. கோயில் கோபுரம், தேர், யானை, துளசி மாடம் எல்லாம் இல்கல் சேலையில் இழை எண்ணி ஏறின.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஊசி

தமிழ்ப் பகுதியில் ஊசிவேலை பாடமானதற்கு மிஷன் பள்ளிகள் முக்கியக் காரணம். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ், துணியின் மேல் தைப்பதல்ல. திண்டின் மேல் மாதிரித் தாளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது. இருந்தாலும் அதுவும் எண்ணும் வேலைதான். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி இருந்த காலம் அது. லேஸ் விற்ற பணத்தில் அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிக்கொண்டதை மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன. அங்கே அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணை 1855இல்தான் வந்தது. கைவேலையைப் 'பொழுதுபோக்கு' என்று எழுதுபவர்கள் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மால்ட்டின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸ் வேலையும் அந்தத் தேரிக்காட்டு ஊருக்குப் போனது.

பின்னர் ஊசிவேலை அரசுப் பாடமாகவும் ஆயிற்று. அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியத்தோடு தையலும் இடம்பெற்றது. தையல் ஆசிரியை ஆக விரும்பியவர்கள் ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், குறுக்குத் தையல் என ஒவ்வொன்றையும் சிறு துணியில் போட்டுப் பதிவேட்டில் ஒட்டிக் காட்டினார்கள். ஜேன் பாஸ்டாக்கின் துணிக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் வேலை ஒன்றே. நூலுக்கும் நம் பக்கத்திலேயே வழி இருந்தது. தாமிரபரணி நீர்வீழ்ச்சியின் விசையை நம்பி 1880களில் பாபநாசத்தில் பஞ்சாலை தொடங்கிய ஹார்வி நிறுவனத்தார் மதுரையிலும் ஆலை வைத்தார்கள். அந்த ஆலைகள் 1974இல் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆயின. ஃபேன்சி கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறவாரியாக அடுக்கியிருக்கும் 'ஆங்கர்' நூல் கோட்ஸின் வணிகப் பெயர்.

கயிற்றில் இருந்த கணக்கு

காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு வருவதற்கு முன் 'அடை' இருந்தது. சேலையின் உருவத்தை, எந்த வரிசையில் எந்தப் பாவிழைகள் தூக்கப்பட வேண்டும் என்று கணக்கிட்டு, நூல்முடிச்சுகளாகத் தறியின் மேல் கட்டி வைப்பார்கள். நெசவாளர் ஓடத்தை எறியும்போது உதவியாள் உரிய கயிற்றை இழுக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுச் சிறுவன்தான் அந்த உதவியாள். லியோனில் 1804இல் ழோசஃப் மரி ஜக்கார்டு உருவாக்கிய கருவி, துளை அட்டைகளைக் கொண்டு அந்தச் சிறுவனின் வேலையைச் செய்தது. இங்கே அது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. எண்ணிக்கை கயிற்றிலிருந்து அட்டைக்கு மாறியபோது ஒரு பிழைப்பும் மாறியது. அடை கட்டத் தெரிந்தவர்கள் குறைந்தார்கள். கட்டத் தாளில் வரைபவரும் அட்டையில் துளையிடுபவரும் வந்தார்கள். நெசவாளர் உருவத்தை எண்ணவே தேவையில்லாத நிலை வந்தது.

தாள் இல்லாமல்

இனி மலைக்கு. நீலகிரியின் மேல்மட்டப் புல்வெளிகளில் வாழும் தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள். அவர்களது குடியிருப்பு 'மந்து'. 2011 கணக்கெடுப்பின்படி மொத்த மக்கள் தொகை சுமார் 2,000தான். ஆனால் மானுடவியலில் அவர்களைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் பெரிய சாதிகள் பலவற்றைப் பற்றி எழுதப்பட்டதைவிட அதிகம். 1603இல் கள்ளிக்கோட்டைப் பகுதியிலிருந்து மலையேறி வந்த ஏசு சபைத் துறவி ஃபெனிசியோவில் தொடங்கி, 1832இல் ஹார்க்னஸ், 1873இல் மார்ஷல், 1906இல் ரிவர்ஸ் என நூல்கள் நீள்கின்றன. எழுதியவர்கள் கண்ணில் முதலில் பட்டது ஆண்களும் பெண்களும் உடல் முழுவதும் சுற்றிக்கொள்ளும் வெள்ளைப் போர்வைதான். ரோமானியரின் அங்கியை அது நினைவூட்டியதால், இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் என்று கற்பனை செய்தவர்களும் உண்டு. மொழியறிஞர் எமனோ 1930களில் இங்கே தங்கி ஆராய்ந்து, தோட மொழி தென்திராவிட மொழியே என்பதை விரிவாக விளக்கினார்.

அந்தப் போர்வை பூத்துக்குளி. முரடான வெள்ளைப் பருத்தித் துணி. நெசவிலேயே சிவப்பும் கறுப்புமான பட்டைகள் ஓடும். அந்தப் பட்டைகளுக்கு இடைப்பட்ட இடத்தில் சிவப்பு, கறுப்பு நூல்களால் பெண்கள் தைக்கிறார்கள். திருமணம், கோயில், சாவு என எல்லாச் சடங்கிலும் இதற்கு இடம் உண்டு. இறந்தவரின் உடலையும் பூவேலை செய்த போர்வையால்தான் போர்த்துவார்கள். தையலைக் குறிக்கும் தோடச் சொல்லுக்கே பூ என்ற பொருள் உண்டு.

தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் இதைக் குறுக்குத் தையல் என்று நினைத்துவிடுவதுண்டு. குறுக்குத் தையல் இதில் இல்லை. பாவிழைக்கும் ஊடிழைக்கும் இடையே ஊசியை நேராக ஓட்டி, நெசவையே திரும்பச் செய்வதுபோலத் தைக்கிறார்கள். கிழிந்த துணிக்கு இழையோட்டித் தைப்பதற்கு இது நெருங்கிய உறவு. அதனால்தான் முடிந்த வேலை தைத்ததுபோல் தெரிவதில்லை, நெய்ததுபோல் தெரிகிறது. துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். நூலை முழுவதும் இழுத்துவிடாமல் சிறிது தளர விடுவார்கள். அது முன்பக்கம் சிறு சுருளாக எழும்பி நிற்கும். கையால் தடவினால் மேடு தெரியும். இரு பக்கமும் உடுத்தக் கூடியதாக இருப்பதில் அவர்களுக்குப் பெருமை.

சட்டம் கட்டுவதில்லை. துணியில் கோடு போடுவதில்லை. பார்த்துத் தைக்கத் தாளும் இல்லை. எருமைக் கொம்பு, சூரியன், சந்திரன், விண்மீன், பாம்பு, பூ என்று வரும் எல்லா உருவமும் இழையெண்ணிக்கையாகவே நினைவில் இருக்கின்றன. ஓரத்தில் வரும் முயல் காது வடிவம் ஏறக்குறைய எல்லாத் துணியிலும் இருக்கும். தலை குனிந்து, துணியை மடியில் வைத்து, இழைகளை விரலால் எண்ணிப் போகிறார்கள்.

இது எப்படிச் சாத்தியம் என்பது வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. இத்தகைய இழையோட்டுத் தையலில் முதல் வரிசைதான் கடினம். இரண்டாம் வரிசை முதல் வரிசையைப் பார்த்துப் போடப்படுகிறது: ஓர் இழை கூட்டு, ஓர் இழை குறை, அல்லது ஓர் இழை தள்ளு. முக்கோணமும் கொம்பும் இப்படிக் கூட்டிக் குறைத்தே உருவாகின்றன. ஆக, தைத்து முடித்த பகுதியே அடுத்த பகுதிக்கு மாதிரித் தாள். குறுக்குத் தையல்காரர் பத்துக்குப் பத்து என்று போட்டுக்கொள்ளும் நூலோட்டத்தின் வேலையை இங்கே நெசவில் ஓடும் சிவப்பு கறுப்புப் பட்டைகள் செய்கின்றன என்று கருதுகிறேன். பட்டைக்குப் பட்டை இடைவெளி அளவானது. உருவம் அதற்குள் சரியாக முடியவில்லை என்றால் எங்கோ எண்ணிக்கை தவறிவிட்டது.

எமனோ தோடர் பாடல்களைப் பற்றிச் சொன்ன ஒன்று இங்கே பொருந்துகிறது. எழுத்து இல்லாத அந்தச் சமூகத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தவுடன் புதுப்பாடல் கட்டிவிடுவார்கள். ஏற்கெனவே தயாராக இருக்கும், இணை இணையாக வரும் சொற்றொடர்களைக் கொண்டு கட்டுவதால் அது முடிகிறது. தையலிலும் தயாராக இருக்கும் வடிவங்கள் உண்டு. எதை எதன் அருகே வைப்பது என்பதில்தான் தைப்பவரின் கை தெரியும். இரண்டு போர்வைகள் ஒன்றாக இருப்பதில்லை.

இதன் விளைவும் தெளிவு. தாளில் உள்ள மாதிரியை ஐம்பது ஆண்டு கழித்து ஒரு புத்தகக் கடையிலிருந்து எடுத்துத் தைக்கலாம். கையில் உள்ள மாதிரியை அடுத்த கையில்தான் வைக்க முடியும். தாயின் அருகே உட்கார்ந்து மகள் கற்காவிட்டால் அந்த வடிவம் அந்த வீட்டோடு போய்விடும். தோடர் பெண் பிள்ளைகள் இன்று பள்ளிக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள், போகவும் வேண்டும். கற்கும் நேரம் எந்தப் பொழுதில் கிடைக்கும் என்பதுதான் சிக்கல்.

துணி வராவிட்டால்

தோடர்கள் நெய்வதில்லை. பழைய நீலகிரியில் கோத்தர்கள் மண்பாண்டமும் இரும்புக் கருவியும் செய்தார்கள், படகர்கள் தானியம் விளைவித்தார்கள், தோடர்கள் பாலும் நெய்யும் கொடுத்தார்கள். துணி சமவெளியில் நெய்யப்பட்டு வணிகர் வழியாக மலைக்கு வந்தது. இன்றும் பூத்துக்குளித் துணி கீழிருந்தே வர வேண்டும். எண்ணித் தைக்கும் கலைக்கு இது சாதாரண விஷயமில்லை. நூல் சற்று மெலிந்தால் உருவம் சுருங்கும். பாவும் ஊடும் சம அடர்த்தியில் இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகும். ஆலைத் துணியின் நெருக்கமான நெசவில் இழையை எண்ணவே முடியாது. ஆகவே பட்டை இடைவெளி மாறாமல், தளர்வாக, முரடாக ஒரு துணியை நெய்து தரக் கீழே ஒரு நெசவாளர் இருக்கும்வரைதான் மேலே இந்தப் பூத்தையல் இருக்கும். தோடர் கலையைப் பற்றிப் பேசும்போது அந்த நெசவாளரை யாரும் பேசுவதில்லை.

விலை

மேலே போட்ட கணக்கை இங்கே திரும்ப எடுக்கலாம். 196 மணி நேரம் என்பது எட்டு மணி நேர வேலைநாளாக 24½ நாட்கள். நாளுக்கு 400 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலும் கைக்கூலி மட்டும் 9,800 ரூபாய். பத்து அங்குலச் சதுரத்துக்கு அந்த விலையை யார் தருவார்? பூத்துக்குளியோ முழு உடலையும் போர்த்தும் அளவு. தையல் முறை வேறு, நூல் வேறு என்பதால் அதே வேகத்தை அங்கே ஏற்ற முடியாதுதான். ஆனால் வீட்டு வேலைக்கும் எருமைக்கும் இடையே வாரக்கணக்கில், பெரிய வேலையானால் மாதக்கணக்கில் இழுக்கும் ஒன்றை மணிக்கணக்கில் விலை போட எந்தக் கடையாலும் இயலாது. பக்கத்து கேரட், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் கூலி அன்றன்றைக்குக் கிடைக்கும். ஊசி வேலையின் பணம் துண்டு முடிந்து, விற்ற பிறகே வரும். மெதுவாகச் செய்வதன் அழகைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இடைவெளியில் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

விற்பனைக்காக வேலை மாறியதும் இதனால்தான். போர்வைக்குப் பதில் மேசை விரிப்பு, கழுத்துத் துண்டு, தோள்பை, கைப்பேசி உறை என்று சிறு பொருள்கள் வந்தன. வாங்குபவர் கேட்டால் சிவப்பு கறுப்போடு வேறு நிறங்களும் வந்தன. சடங்குக்கான போர்வையில் மட்டும் பழைய நிறங்களே தொடர்கின்றன. இதைச் சீரழிவு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கைப்பேசி உறையில் முயல் காது வரிசையைத் தைத்துப் பழகும் சிறுமி, ஒரு போர்வையைத் தொடங்கத் தயங்கியிருப்பாள்.

தோடர் நலவாழ்வுச் சங்கம், கோத்தகிரியின் கீஸ்டோன் அறக்கட்டளை, அரசின் பூம்புகார் நிறுவனம் ஆகியவற்றின் முயற்சியால் 2013 மார்ச்சில் தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. பதிவைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தக் குறியீடு காப்பது பெயரை. வேறு இடத்தில் இயந்திரத்தில் செய்த துணியைத் 'தோடர் எம்ப்ராய்டரி' என்று சொல்லி விற்றால் அது குற்றம். அதே கோலத்தைப் பெயர் சொல்லாமல் அச்சடித்து விற்றால் இந்தச் சட்டத்தால் எளிதில் பிடிக்க முடியாது. வடிவமைப்புகளுக்கான 2000ஆம் ஆண்டுச் சட்டமோ புதிய வடிவத்துக்குத்தான் பாதுகாப்புத் தரும். தலைமுறைகளாகத் தைத்துவரும் எருமைக் கொம்பு அதன் கண்ணில் புதியதல்ல. கையில் இருந்த எண்ணிக்கையை ஒரு புகைப்படத்திலிருந்து எண்ணி எடுத்துக் கட்டமாக்கி, கணினியில் ஏற்றி, இயந்திரத்துக்குக் கொடுப்பது இன்று அரை நாள் வேலை. பெர்லின் அச்சகத்தார் ரோஜாவுக்குச் செய்ததே இது. அங்கே ரோஜாவுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, இங்கே இருக்கிறார்கள்.

வாங்குபவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கடையில் துணியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அச்சடித்ததாக இருந்தால் பின்பக்கம் மங்கியிருக்கும். ஜக்கார்டில் நெய்ததாக இருந்தால் தேவைப்படாத இழைகள் பின்னால் நீளநீளமாகத் தொங்கும் அல்லது வெட்டப்பட்டிருக்கும். இயந்திரத் தையலாக இருந்தால் அடியில் பாபின் நூல் தெரியும். கையால் தைத்ததில் பின்பக்கமும் ஒரு கோலம்தான். முன்பக்கம் தடவினால் தளரவிட்ட நூல் விரலில் இடறும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வரிசைகளில் எங்காவது ஓர் இழை கூடியோ குறைந்தோ இருக்கும். அடுத்த வரிசையிலேயே அதைச் சரிக்கட்டியிருப்பதும் தெரியும்.